2147483647: ஓர் எண்ணின் வரலாறு

சதுரங்கப் பலகையைக் காட்டி அரசனிடம் நெல்மணிகளைப் பரிசாகக் கேட்ட அறிஞனின் கதையை நாம் எல்லோரும் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். முதல் கட்டத்தில் ஒரு மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று ஒவ்வொரு கட்டத்திலும் முந்தையதைப்போல் இரு மடங்கு வைக்க வேண்டும். அரசனின் களஞ்சியம் முழுதும் வற்றிப்போனது என்று கதை முடியும். ஆனால் நாம் அறுபத்து நான்காம் கட்டம் வரை போக வேண்டாம். பாதிக்கு ஒரு கட்டம் முன்பாக, முப்பத்தொன்றாம் கட்டத்தில் நின்றுவிடுவோம். அதுவரை வைத்த மணிகள் எத்தனை?

கணக்குப் போட்டால் விடை 2147483647. சொல்லால் கூறினால், இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூன்றாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. ஆயிரம் நெல்மணிகள் 20 கிராம் எடை எனக் கொண்டால், இவற்றின் எடை ஏறத்தாழ 43 டன். நாலைந்து லாரிகளில் ஏற்றிவிடலாம். அரசனுக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் கணிதத்திலும் கணிப்பொறி இயலிலும் இந்த எண் தனிச் சிறப்புடையது. மாமேதைகள் இதைப் பற்றிச் சிந்தித்திருக்கிறார்கள். இதைப் பற்றிச் சொன்ன ஆரூடம் ஒன்று பொய்த்திருக்கிறது. இன்று கோடிக்கணக்கான இயந்திரங்களுக்குள் இது ஓர் எல்லைக் கல்லாக நிற்கிறது. அந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது நம் எல்லோரையும் பாதிக்கக்கூடிய கேள்வி.

எண்ணின் அமைப்பு

இரண்டை முப்பத்தொரு முறை எழுதிப் பெருக்கி, வரும் விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் நம் எண் கிடைக்கும். அதாவது 2³¹ − 1. நாம் பழகிய பதின்ம முறையில் இதற்குப் பத்து இலக்கங்கள். 0, 1 என்ற இரண்டே இலக்கங்களைக் கொண்ட இரும முறையில் எழுதினாலோ, முப்பத்தொரு ஒன்றுகள் வரிசையாக நிற்கும். பதின்ம முறையில் 999 என்பது மூன்று இலக்கங்களின் உச்சம் அல்லவா? அதுபோல, இரும முறையில் முப்பத்தொரு இலக்கங்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் இதுதான்.

இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மரென் மெர்சென் பிரான்சு நாட்டுத் துறவி. அடுக்கு 2, 3, 5, 7 ஆக இருக்கும்போது 3, 7, 31, 127 என்ற எண்கள் கிடைக்கின்றன. இவை நான்குமே பகா எண்கள். அதாவது, ஒன்றாலும் தம்மாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதவை. இதைப் பார்த்ததும், அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அடுத்த படியிலேயே அது தவறிவிடுகிறது. 2¹¹ − 1 = 2047; இது 23 × 89. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடை கட்டாயம் பகு எண். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடை எப்படியும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்துத்தான் ஆக வேண்டும்.

இங்கேதான் பெரியவர்களே சறுக்கினார்கள். இத்தாலிய அறிஞர் கட்டால்டி, அடுக்கு 17, 19 ஆகியவற்றுக்கு விடை பகா எண் எனச் சரியாகக் கண்டறிந்தார். அத்துடன் நிற்காமல் 23, 29, 31, 37 ஆகியவற்றுக்கும் அப்படியே என்று 1603-இல் எழுதினார். 23-ம் 37-ம் தவறு என்று 1640-இல் ஃபெர்மா காட்டினார். 2²³ − 1 என்பது 47 ஆல் வகுபடும்; 2³⁷ − 1 என்பது 223 ஆல் வகுபடும். 29-ம் தவறு என்று பின்னர் ஆய்லர் காட்டினார். அதன் காரணி 233. நான்கில் மூன்று போய்விட்டன. மீதியிருந்தது 31 ஒன்றுதான்.

மெர்சென் 1644-இல் வெளியிட்ட தம் பட்டியலிலும் 31-ஐச் சேர்த்திருந்தார். ஆனால் அந்தப் பட்டியலிலும் பிழைகள் உண்டு. அவர் சேர்த்த 67, 257 இரண்டும் தவறு. சேர்க்க வேண்டிய 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயின. ஆகவே 31-ஐப் பொறுத்தவரை யாருடைய வாக்கையும் நம்பிப் பயனில்லை. நிரூபணம் வேண்டும்.

ஆய்லரின் சல்லடை

ஓர் எண் பகா எண்ணா என்று அறிய எளிய வழி, சிறிய எண்களால் வகுத்துப் பார்ப்பது. எண்ணின் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தால் போதும். ஏனெனில் இரண்டு காரணிகள் இருந்தால் அவற்றில் ஒன்றாவது வர்க்கமூலத்தைத் தாண்டாது. 2147483647-இன் வர்க்கமூலம் 46341-ஐ விடச் சற்றே குறைவு. அதுவரை உள்ள பகா எண்கள் நாலாயிரத்து எழுநூறுக்கும் மேல். கையால் அத்தனை வகுத்தல்களைச் செய்து முடிக்க எத்தனை நாளாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

சுவிட்சர்லாந்தில் பிறந்த லியோனார்டு ஆய்லர் இந்த வேலையைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைத்தார். அவர் வழியைப் பள்ளி மாணவரும் புரிந்துகொள்ளலாம்.

நம் எண்ணை மீதியின்றி வகுக்கும் ஒரு பகா எண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைத் 'த' என்று அழைப்போம். இரண்டின் அடுக்குகளை வரிசையாகத் 'த'வால் வகுத்து மீதிகளைக் குறித்துக்கொண்டே போனால், மீதிகள் ஒரு சுழற்சியாகத் திரும்பத் திரும்ப வரும். எடுத்துக்காட்டாக, 7-ஆல் வகுத்தால் மீதிகள் 2, 4, 1, 2, 4, 1 என மூன்று மூன்றாகச் சுழலும். சுழற்சி முடியும் இடத்தில் எல்லாம் மீதி 1 வரும், வேறிடத்தில் வராது.

இப்போது 'த' என்பது 2³¹ − 1-ஐ வகுக்கிறது என்றால், 2³¹-ஐ வகுக்கும்போது மீதி 1. ஆகவே 31-ஆம் இடத்தில் ஒரு சுழற்சி முடிகிறது. சுழற்சியின் நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண். எனவே நீளம் 1 அல்லது 31. முதல் இடத்திலேயே மீதி 2 என்பதால் 1 ஆக இருக்க முடியாது. ஆக நீளம் 31. இனி ஃபெர்மாவின் சிறு தேற்றத்தை நினைவுகூர்வோம். இரண்டை (த − 1) அடுக்குக்கு உயர்த்தித் 'த'வால் வகுத்தால் மீதி 1 என்பதே அது. அந்த இடத்திலும் சுழற்சி முடிகிறது என்பதால், த − 1 என்பது 31-இன் மடங்கு. 'த' ஒற்றைப்படை, ஆகவே த − 1 இரட்டைப்படை. முடிவு: த − 1 என்பது 62-இன் மடங்கு.

சற்று முன் பார்த்த 2047-இல் இதைச் சரிபார்க்கலாம். அங்கே அடுக்கு 11. காரணிகள் 23, 89. ஒன்றைக் கழித்தால் 22, 88. இரண்டும் 22-இன் மடங்குகள்.

இன்னொரு சல்லடையும் உண்டு. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது, ஒரு வர்க்க எண்ணைத் 'த'வால் வகுத்தால் மீதி 2 வருகிறது. இப்படி வர வேண்டுமானால், 'த'வை எட்டால் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 ஆகத்தான் இருக்க முடியும் என்பது எண் கணிதத்தில் நிறுவப்பட்ட உண்மை. இரு சல்லடைகளையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தரும் எண்கள் மட்டுமே தேறும். 46341-க்குள் அத்தகைய எண்கள், பகு எண்ணான 63-ஐ விட்டுவிட்டால், 372. அவற்றிலும் பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். முதல் பத்து எண்களில் 311, 1303 என்ற இரண்டுதான் பகா எண்கள். 311-ஆல் வகுத்தால் 35 மீதி; 1303-ஆல் வகுத்தால் 226 மீதி. இப்படியே கடைசி வரை போனால் ஒன்றும் மீதியின்றி வகுக்கவில்லை.

2147483647 பகா எண்ணே என்ற ஆய்லரின் முடிவு 1772-இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், ஏறக்குறைய முழுதும் பார்வையிழந்த நிலையில் அவர் வாழ்ந்துகொண்டிருந்தார்.

எந்த வகையைச் சேர்ந்தது?

உயிரியலார் செடி கொடிகளைக் குடும்பங்களாகப் பிரிப்பதுபோல் கணிதவியலாரும் எண்களைப் பிரிக்கிறார்கள். நம் எண் எந்தெந்தக் குடும்பத்தில் சேரும், எதில் சேராது என்று பார்ப்போம்.

அது மெர்சென் பகா எண், வரிசையில் எட்டாவது. அடுக்காக நிற்கும் 31-உம் ஒரு மெர்சென் பகா எண்தான். ஆகவே இதை இரட்டை மெர்சென் எண் என்றும் சொல்வர். இந்தப் படிக்கட்டில் இன்னும் ஒரு படி ஏறி, 2147483647-ஐயே அடுக்காக வைத்தால் என்ன? கிடைக்கும் எண்ணுக்கு 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அத்தனை பெரிய எண்ணும் பகா எண் அல்ல. 295257526626031 அதை வகுக்கும். நீங்களே பாருங்கள்: இந்தக் காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தால், 2147483647-இன் இரு மடங்கைப்போல் சரியாக 68745 மடங்கு. ஆய்லரின் முதல் சல்லடை இங்கும் வேலை செய்கிறது!

அது இரட்டைப் பகா எண்களில் ஒன்று அல்ல. 11, 13 போல இரண்டு வேறுபாட்டில் அமைந்த பகா எண்களை இரட்டையர் என்கிறோம். நம் எண்ணுக்கு இரண்டு முன்னால் உள்ள 2147483645 ஐந்தில் முடிகிறது. இரண்டு பின்னால் உள்ள 2147483649 மூன்றால் வகுபடும். இருபுறமும் துணையில்லை.

அதை இரு மடங்காக்கி ஒன்று கூட்டினால் 4294967295. இதுவும் பகா எண் அல்ல. ஆனால் அழகான எண். 3 × 5 × 17 × 257 × 65537 என்று இதைப் பிரிக்கலாம். இந்த ஐந்தும் ஃபெர்மா பகா எண்கள். நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் இவை ஐந்தே. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையத்தக்க, ஒற்றைப்படைப் பக்கங்கள் உடைய ஒழுங்குப் பலகோணங்களில், நாம் அறிந்தவரை மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். காகிதத்தில் யாரும் வரைந்து காட்டப்போவதில்லை. ஆனால் வரைய முடியும் என்பது உறுதி.

இன்னொரு உறவும் உண்டு. 6-இன் வகுத்திகள் 1, 2, 3; கூட்டினால் 6. 28-க்கு 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. இவ்வாறு தன் வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாக உள்ளது நிறைவெண். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்று யூக்ளிட் காட்டினார். 2147483647-ஐ 2³⁰ ஆல் பெருக்கினால் கிடைக்கும் 2305843008139952128, எட்டாவது நிறைவெண்.

பொய்த்துப்போன ஆரூடம்

முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக, மனிதன் அறிந்த பகா எண்களில் மிகப் பெரியதாக 2147483647 இருந்தது. 1811-இல் ஆங்கிலக் கணித ஆசிரியர் பீட்டர் பார்லோ தம் நூலில் மேற்கண்ட பத்தொன்பது இலக்க நிறைவெண்ணைக் குறிப்பிட்டு, இதைவிடப் பெரிய நிறைவெண்ணை எவரும் கண்டுபிடிக்கப்போவதில்லை என்ற கருத்தை எழுதினார். காரணமும் சொன்னார். இவை வியப்பூட்டுபவையே தவிரப் பயனற்றவை. ஆகவே யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பதே அது.

மெனக்கெட்டார்கள். 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலார் லூக்காஸ், 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று நிறுவினார். அவர் கண்ட முறையை அமெரிக்கரான லேமர் 1930-இல் செம்மைப்படுத்தினார். அந்த முறை இதுதான். நாலில் தொடங்குங்கள். வர்க்கம் செய்து இரண்டைக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதிக்கும் அதையே செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைந்த தடவைகள் செய்த பின் மீதி சுழியமானால் பகா எண். இல்லையேல் பகு எண்.

127-ஐச் சோதிப்போம். அடுக்கு 7; ஆகவே ஐந்து தடவை. 4-இலிருந்து 14, பிறகு 194, அதாவது மீதி 67, பிறகு 42, பிறகு 111, கடைசியில் 12319. இது 127 × 97. மீதி சுழியம்! 2147483647-க்கு இருபத்தொன்பதே தடவைகள் போதும்.

இந்த முறையில் ஒரு விந்தை உண்டு. எண் பகு எண் என்று அது சொல்லிவிடும். காரணி எது என்று சொல்லாது. 2⁶⁷ − 1 பகு எண் என்று லூக்காஸ் 1876-இலேயே அறிந்திருந்தார். அதன் காரணிகள் 193707721, 761838257287 என்று அமெரிக்கரான கோல் 1903-இல்தான் வெளியிட்டார். பகா எண்ணா என்று அறிவது எளிது. காரணிகளைப் பிரிப்பது கடினம். இந்த ஏற்றத்தாழ்வின்மேல்தான் 1977-இல் உருவான ரகசியக் குறியீட்டு முறை ஒன்று கட்டப்பட்டது. இணையத்தில் செய்திகளையும் பணப் பரிமாற்றங்களையும் காப்பதில் அது பெரும் பங்கு வகித்திருக்கிறது. பயனற்ற கணிதம் என்று எதையும் சொல்லிவிட முடியாது போலும்!

2024 அக்டோபரில் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 பகா எண் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு 41024320 இலக்கங்கள்.

கணிப்பொறியின் எல்லைக் கல்

கணிப்பொறிகள் எண்களை இரும முறையில், பிட் எனப்படும் கட்டங்களில் சேமிக்கின்றன. ஒரு முழு எண்ணுக்கு 32 கட்டங்கள் ஒதுக்குவது நெடுங்கால வழக்கம். எதிர்ம எண்களும் வேண்டும் என்பதால் முதல் கட்டம் குறிக்குப் போய்விடும். மீதி முப்பத்தொன்றில் அடங்கும் மிகப் பெரிய எண் எது என்று இப்போது வாசகர்களே சொல்லிவிடுவீர்கள்.

எல்லையில் நிற்கும்போது ஒன்று கூட்டினால் என்ன ஆகும்? முப்பத்தொரு ஒன்றுகளும் சுழியங்களாகி, ஒன்று குறிக் கட்டத்துக்குள் ஏறிவிடும். பல கணிப்பொறிகள் இதை −2147483648 என்று படிக்கும். வண்டியின் தொலைவு காட்டும் கருவி 99999-க்குப் பின் 00000 காட்டுவதைப் போன்றதுதான் இது; இங்கே சுழியத்துக்குப் பதில் பாதாளத்தில் விழுகிறது. ஒரு வங்கி நிரல் பணத்தைப் பைசாவில் இவ்வாறு சேமித்தால், 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 பைசாவுக்கு மேல் ஒரு பைசா போட்டாலும் செல்வர் கடனாளி ஆகிவிடுவார்.

இது வெறும் கற்பனை அல்ல. போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாட்கள் இடைவிடாமல் மின்சாரத்தில் இயங்கினால், உள்ளே உள்ள எண்ணி நிரம்பி, மின்வழங்கல் முழுதும் நின்றுபோகக்கூடும் என்று 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரித்தது. நொடியில் நூறில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எண்ணினால், 2147483647-ஐ எட்ட 248 நாட்களும் அரை நாளும் ஆகும் என்பதை நீங்களே வகுத்துப் பார்க்கலாம். அவ்வப்போது மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் போடுவதே அப்போது விதிக்கப்பட்ட பரிகாரம்.

இதைவிடப் பரவலானது காலக் கணக்கு. யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகள் 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு முதல் கழிந்த நொடிகளை எண்ணி நேரம் அறிகின்றன. 2147483647 நொடிகள் என்பது 24855 நாட்கள், 3 மணி, 14 நிமிடம், 7 நொடி. அந்தக் கணம் வருவது 2038 ஜனவரி 19. நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. நேரத்தை 32 பிட்டுகளில் வைத்திருக்கும் கருவிக்கு, அடுத்த நொடியில் ஆண்டு 1901 ஆகிவிடும்! 64 பிட்டுகளுக்கு மாறிய கருவிகளுக்கு ஏறத்தாழ 29200 கோடி ஆண்டுகளுக்குக் கவலையில்லை. தொழிற்சாலைகளிலும் வேறு சாதனங்களிலும் உள்ளே புதைந்து கிடக்கும் பழைய நிரல்களைத் தேடித் திருத்துவதுதான் பெரும் பணி. இன்று பள்ளியில் படிக்கும் மாணவர் சிலர் நாளை அந்தப் பணியில் ஈடுபடக்கூடும்.

பகா எண்ணாக இருப்பதால் நன்மையும் உண்டு. இயற்பியலில் அணுக்களின் தற்செயல் இயக்கங்களைக் கணிப்பொறியில் போலச் செய்து பார்க்க, ஒழுங்கற்ற எண்கள் ஏராளமாகத் தேவை. ஓர் எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை எடுப்பது ஒரு புகழ்பெற்ற வழி. ஒன்றில் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று தாறுமாறாகப் போகும். 1 முதல் 2147483646 வரை ஓர் எண்ணும் விடுபடாமல், ஓர் எண்ணும் இருமுறை வராமல் எல்லாம் வந்து முடிந்த பிறகே வரிசை தொடக்கத்துக்குத் திரும்பும். வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதால்தான் இது கைகூடுகிறது.

காகிதமும் பேனாவும் கொண்டு நீங்களும் ஒரு சோதனை செய்யுங்கள். லூக்காஸ், லேமர் முறையில் 2047-ஐ எடுத்துக்கொண்டு ஒன்பது தடவை செய்து பாருங்கள். கடைசி மீதி 1736 வந்தால் உங்கள் கணக்குச் சரி. சுழியம் வராததால் 2047 பகு எண் என்று, 23-ஐயும் 89-ஐயும் தேடாமலே, நீங்கள் நிறுவிவிட்டீர்கள்.